ஹிஸ்பா என்பது யாது? வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



"மார்க்கப் போலீஸ்" என்னும் சொல் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகிறது. ஈரானில் ஒரு பெண்ணைப் பிடித்துச் சென்றார்கள், ஸவூதியில் அதிகாரத்தைக் குறைத்தார்கள், ஆச்சேயில் பிரம்படி கொடுத்தார்கள், நம் நாட்டிலே ஹோட்டல் அறைக் கதவைத் தட்டினார்கள் என்று செய்திகள் வருகின்றன. கடைக்கு வரும் சீன, இந்து சகோதரர்கள், "உங்கள் மார்க்கத்தில் இப்படித்தான் சொல்லியிருக்கிறதா, பாய்?" என்று நம்மிடமே கேட்கிறார்கள். நம்மவர்களில் சிலர் "ஆமாம்" என்று சொல்லி விடுகிறார்கள். வேறு சிலர் "இதெல்லாம் மார்க்கத்திலேயே இல்லை" என்கிறார்கள். இரண்டும் கிதாபைப் பாராமல் சொல்லும் பதில்களே.

நாம் ஆலிமல்லோம். ஊர் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், பிறகு கடையில் உட்கார்ந்த காலத்தில் ஹஜ்ரத்மார்களை விடாமல் கேட்டு அறிந்ததும்தான் நம்முடைய கைமுதல். ஆயினும் இது வியாபாரிகள் அவசியம் தெரிந்திருக்க வேண்டிய பாடம். ஏனென்றால் இந்தப் பாடம் பிறந்த இடமே கடைத்தெரு.

நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது முஸ்லிம்கள் மீது கடமை என்று திருமறை ஆலு இம்ரான் சூராவின் 104-வது ஆயத்திலும் வேறு இடங்களிலும் கட்டளை இருக்கிறது. இந்தக் கடமைக்குத்தான் ஹிஸ்பா என்று பெயர். இதை நிறைவேற்ற அரசாங்கம் நியமிக்கும் உத்தியோகஸ்தருக்கு முஹ்தஸிப் என்று பெயர். அவர் முதலில் காவல் காத்தது யாருடைய வீட்டு வாசலையும் அல்ல; தராசையும் படிக்கல்லையும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்ததும், உள்ளே ஈரம் இருக்கக் கண்டதும், "மழையில் நனைந்து விட்டது" என்று வியாபாரி சமாதானம் சொன்னதும், அப்படியானால் ஜனங்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நாயகம் அவர்கள் கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ள வரலாறு. மூட்டையின் அடியில் ஈர வெங்காயத்தைப் போட்டு மேலே காய்ந்ததைப் பரப்பும் வித்தை நம் காலத்து வித்தையென்று யாரும் எண்ண வேண்டாம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனத்துக் கடைவீதியின் பொறுப்பில் ஒரு பகுதியை ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணியிடம் ஒப்படைத்ததாகவும் வரலாற்று நூல்களில் காணப்படுகிறது. பெண்களைத் துரத்துவதற்கென்றே ஏற்பட்ட உத்தியோகம் இது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிற்காலத்தில் முஹ்தஸிபுக்கு வழிகாட்டியாகத் தனிக் கிதாபுகளே எழுதப்பட்டன. ஷைஸரீ என்பவர் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஒன்று எழுதினார். மிஸ்ரு நாட்டில் இப்னுல் உகுவ்வா (ஹிஜ்ரி 729, அதாவது 1329-ல் வஃபாத்தானவர்) எழுபது அத்தியாயங்களில் ஒன்று எழுதினார். இவற்றைப் பார்த்தால் நம் தெருவைப் பார்த்து எழுதினார்களோ என்று தோன்றும். தராசுத் தட்டில் எண்ணெயும் அழுக்கும் படியாதபடி அடிக்கடி துடைக்க வேண்டும், ஒரு துளி எண்ணெய் உறைந்தாலும் எடை மாறும். ரொட்டி சுடும் இடத்தின் கூரை உயரமாயும் புகை போகத் துவாரமுள்ளதாயும் இருக்க வேண்டும். மாவு பிசைபவன் காலாலும் முழங்கையாலும் பிசையக் கூடாது. தும்மினால் மாவில் விழாமல் வாயைக் கட்டிக் கொள்ள வேண்டும். வேர்வை சொட்டாமல் நெற்றியில் துணி கட்ட வேண்டும். ஈயை விரட்ட ஓர் ஆள் நிற்க வேண்டும். ரொட்டி சானாய் போடும் நம் தம்பிமார்களுக்கு இதை வாசித்துக் காட்டினால் நகர மன்றச் சுகாதார அதிகாரி நேற்று எழுதிப் போட்ட உத்தரவு என்றே நினைப்பார்கள். பால்காரர், கசாப்புக்காரர், மருந்து விற்பவர், நாணயம் மாற்றுபவர், வைத்தியர், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆசிரியர் எல்லோருமே அவருடைய கண்காணிப்பில் வந்தார்கள்.

குடித்துவிட்டுத் தெருவில் ஆடுபவனைத் தடுப்பதும், ஜுமுஆவை விடாமல் நடத்தச் செய்வதும் அவருடைய வேலையில் சேர்ந்தவைதாம். இதை மறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அந்த அதிகாரத்திற்கு எல்லை எது என்ற கேள்விக்குத்தான் நம் இமாம்கள் மிகவும் மெனக்கெட்டுப் பதில் எழுதினார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 505, அதாவது 1111-ல் வஃபாத்) இஹ்யாவில் இதற்கென்றே ஒரு கிதாபு வைத்திருக்கிறார்கள். ஒரு காரியத்தைத் தடுக்கப் போவதற்கு முன் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும் என்கிறார்கள். அது மார்க்கத்தில் தீமையென்று விலக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அப்பொழுது நடந்து கொண்டிருப்பதாக இருக்க வேண்டும். துருவித் தேடாமலேயே வெளியில் தெரிவதாக இருக்க வேண்டும். அது தீமைதான் என்பதில் இமாம்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லாததாக இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையை விளக்கும்போது இமாம் அவர்கள் வெகு நுட்பமாகப் போகிறார்கள். கதவை அடைத்துக் கொண்டு உள்ளே இருப்பவனுடைய வீட்டுச் சுவரில் காது வைத்துக் கேட்கக் கூடாது; மதுவின் வாடை வருகிறதா என்று மூக்கை நீட்டக் கூடாது; போகிறவனுடைய துணிக்குள் இருப்பது என்னவென்று தடவிப் பார்க்கக் கூடாது; "இவன் வீட்டில் என்ன நடக்கிறது?" என்று அண்டை வீட்டாரிடம் விசாரிக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் கூத்தும் கொட்டும் தெருவிலிருப்பவன் காதில் தானாகவே விழுந்தால் அது வேறு.

இதற்கு ஆதாரமாக உமர் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு வரலாற்றையும் எழுதுகிறார்கள். கலீஃபா அவர்கள் ஒரு மனிதனின் வீட்டுச் சுவரேறி உள்ளே குதித்து, அவனைத் தகாத நிலையில் பிடித்து விட்டார்கள். அவனோ பதறவில்லை. "நான் செய்த பாவம் ஒன்று, அமீருல் முஃமினீனே, தாங்கள் செய்தது மூன்று" என்று கணக்குச் சொன்னான். அல்லாஹ் துருவிப் பார்ப்பதை விலக்கியிருக்கிறான், தாங்கள் துருவினீர்கள். வீடுகளுக்குள் வாசல் வழியாக வரச் சொல்லியிருக்கிறான், தாங்கள் சுவரேறி வந்தீர்கள். அனுமதி கேட்டு ஸலாம் சொல்லி நுழையச் சொல்லியிருக்கிறான், தாங்கள் அதையும் செய்யவில்லை என்றான். கலீஃபா அவர்கள் தவ்பா செய்யும்படி சொல்லி விட்டுத் திரும்பி விட்டார்கள். அவன் எடுத்துக் காட்டிய ஆயத்துகள் ஹுஜுராத் சூராவில் 12, பகரா சூராவில் 189, நூர் சூராவில் 27. உமர் (ரலி) அவர்களையே திருப்பி அனுப்பிய ஆயத்துகள் இவை. ஒரு சாமானியனும் தன்னுடைய ஆட்சித் தலைவரிடம் கிதாபைக் காட்டி வழக்காட முடிந்ததே, அதையும் இதில் பார்க்க வேண்டும்.

இப்பொழுது மறுபக்கத்தையும் சொல்லி விடுவதுதான் நியாயமான எடை. இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 450, அதாவது 1058-ல் வஃபாத்) அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா என்னும் அரசியல் கிதாபில், வெளிப்படாததைத் துருவ முஹ்தஸிபுக்கு உரிமையில்லை என்று எழுதிவிட்டு, ஒரு விலக்கும் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் சரிசெய்யவே முடியாத கேடு நடக்கப் போகிறது, உதாரணமாக ஒருவனைக் கொல்ல ஒருவன் தனியே அழைத்துப் போயிருக்கிறான், அல்லது விபசாரத்திற்காக ஒரு பெண்ணுடன் ஒதுங்கியிருக்கிறான் என்று நம்பகமானவர் தகவல் கொடுத்தால், அப்பொழுது விசாரித்துப் போகலாம் என்கிறார்கள். கதவைத் தட்டுவதற்கு ஆதரவாகப் பேசும் இக்காலத்தவர்கள் இந்த இடத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் "நம்பகமானவர்" என்ற நிபந்தனை அங்கே சும்மா போடப்பட்டதல்ல. விபசாரக் குற்றம் சாட்டி நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவனுக்கு எண்பது கசையடி என்பது அதே நூர் சூராவின் நான்காவது ஆயத்தின் சட்டம். பெயர் சொல்லாமல் டெலிபோனில் தகவல் கொடுத்துவிட்டு மறைந்து கொள்பவன் இந்த நம்பகமானவர் ஆவானா? ஆகமாட்டான் என்பதே நம் அபிப்பிராயம்.

இனி நடைமுறையைப் பார்ப்போம். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போய்வந்தவர்கள் ஸவூதி அரேபியாவில் நேரிலேயே கண்டிருப்பார்கள். அங்கே மக்காவில் 1926-ல் நன்மையை ஏவும் குழு ஒன்று அமைந்தது. பிறகு நஜ்திலும் அமைந்தது. 1976-ல் இரண்டையும் ஒன்றாக்கி, அதன் தலைவருக்கு மந்திரி அந்தஸ்துக் கொடுத்தார்கள். ஜனங்கள் இவர்களை முதவ்விஃ என்று அழைத்தார்கள். தானாக முன்வந்து செய்பவன் என்பது அதன் வேர்ச்சொல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாவர்தீ இமாம் அவர்கள் தானாக முன்வருபவனுக்கும் நியமிக்கப்பட்ட முஹ்தஸிபுக்கும் ஒன்பது வித்தியாசங்களை எண்ணி எழுதியிருக்கிறார்கள்; தண்டிக்கும் அதிகாரம் முன்வருபவனுக்குக் கிடையாது. அங்கேயோ பெயர் இவனுடையது, அதிகாரம் அவருடையது.

2021 வரை பாங்கு சொன்னதும் கடைகளெல்லாம் அடைத்தாக வேண்டியிருந்தது. மருந்துக் கடையும் பெட்ரோல் நிலையமும் கூட அடைபட்டன. கல்லாவில் நிற்கும் மலையாளியும் பங்காளியும் நம் தமிழரும் கதவை இழுத்து விட்டுத் தெருவோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஜுமுஆவுக்கு அழைத்தால் வியாபாரத்தை விட்டுவிடுங்கள் என்று திருமறை பெயர் சொல்லிக் கட்டளையிடுகிறது. மற்ற வக்துகளுக்கு விரிந்த நேரம் இருக்கிறது, முறை வைத்துத் தொழலாம் என்பதை எல்லா வியாபாரிகளும் அறிவோம். கடை அடைத்திருந்த நேரத்தில் எல்லோரும் ஸஃப்பில் நின்றார்களா என்று கேட்டால், போய்வந்தவர்கள் சிரிக்கிறார்கள்.

2002 மார்ச் 11-ல் மக்காவிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 15 சிறுமிகள் இறந்தார்கள். தலையை மூடாமல் வெளியே ஓடிவந்த பிள்ளைகளை முதவ்விஃகள் தடுத்ததாக அந்நாட்டுப் பத்திரிகைகளே எழுதின. சாவுக்குக் காரணம் அதுவல்ல என்று அரசாங்க விசாரணை சொன்னது. எப்படியாயினும், அதுவரை மார்க்கத் துறையின் கையிலிருந்த பெண் கல்வி அதே மாதத்தில் கல்வி அமைச்சின் கைக்கு மாறிற்று. உயிரைக் காக்கும் கட்டத்தில் விலக்கப்பட்டவையும் ஆகுமாகும் என்பது மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம். பத்திரிகை எழுதியதை உடனே நம்பக் கூடிய மனநிலையில் அந்நாட்டு ஜனங்கள் இருந்தார்கள் என்பதே அந்த அமைப்பைப் பற்றிய பெரிய சாட்சியாக நமக்குப் படுகிறது.

2016 ஏப்ரலில் மந்திரி சபை உத்தரவிட்டது: முதவ்விஃகள் யாரையும் துரத்தவோ, பிடிக்கவோ, அடையாளச் சீட்டுக் கேட்கவோ கூடாது; கண்டதைப் போலீஸாரிடம் சொல்லலாம், அவ்வளவுதான். 2018-ல் சினிமாக் கொட்டகை திறந்தது. அவ்வருடம் ஜூன் 24 முதல் பெண்கள் கார் ஓட்டினார்கள். 2021 ஜூலையில் தொழுகை நேரத்திலும் கடைகளைத் திறந்து வைக்கலாம் என்று வர்த்தக சங்கங்களின் சம்மேளனம் சுற்றறிக்கை அனுப்பிற்று. நம் போன்றோர்க்கு இதில் சந்தோஷம்தான். ஆனால் இன்னொன்றும் நடந்தது. கார் ஓட்டும் உரிமையைப் பல வருடங்களாகக் கேட்டுவந்த பெண்களில் சிலரை, அந்த உரிமை வருவதற்குச் சில வாரங்கள் முன்னே, 2018 மே மாதத்தில், பிடித்துச் சிறையில் வைத்தார்கள். அடைத்ததும் ஓர் உத்தரவு, திறந்ததும் ஓர் உத்தரவு. கேட்டவர்களுக்கு மட்டும் சிறை. கிதாபைக் காட்டிக் கலீஃபாவைத் திருப்பியனுப்பிய அந்த மதீனத்து மனிதனுடைய நிலை இதில் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஈரானைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முக்காடு சரியில்லை என்று ரோந்துப் படையினர் பிடித்துச் சென்ற 22 வயது மஹ்ஸா அமீனி என்ற பெண் 2022 செப்டம்பர் 16-ல் இறந்தாள். அந்நாடு பல மாதங்கள் கொந்தளித்தது.

நம் நாட்டு விஷயத்திற்கு வருவோம். சிங்கப்பூர் சகோதரர்களுக்கு இது அக்கரைச் செய்தியாயினும், ஜோகூர்ப் பாலத்தைத் தாண்டி இங்கே கடை வைத்திருப்போர் அவர்களிலும் உண்டு. மார்க்கக் குற்றச் சட்டம் இங்கே மாநிலத்திற்கு மாநிலம் வேறு. முஸ்லிம்களை மட்டுமே கட்டுப்படுத்தும். கோலாலம்பூர் முதலிய கூட்டரசுப் பிரதேசங்களில் 1997-ம் வருடத்துச் சட்டம் நடக்கிறது. அதன் 27-வது பிரிவு கல்வத்தைப் பற்றியது. மஹ்ரமல்லாத ஆணும் பெண்ணும் சந்தேகத்திற்கிடமாக ஒதுங்கியிருந்தால் 3,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். (நம் ஊர்களில் கல்வத் என்றால் பெரியார்கள் தனித்திருந்து திக்ரு செய்வது, கீழக்கரையில் கல்வத்து நாயகம் என்றே ஒரு பெரியார் பெயர் பெற்றார்கள். கடல் தாண்டியதும் சொல்லின் கதி இப்படியாயிற்று.) இந்தச் சோதனைகள் பலவும் அக்கம்பக்கத்தார் கொடுக்கும் தகவலின் பேரில் நடப்பவை. 2005 ஜனவரியில் கோலாலம்பூரில் ஓர் இரவு விடுதியில் சுமார் நூறு முஸ்லிம் வாலிபர்களைப் பிடித்தபோது நாடெங்கும் பெரிய வாதம் நடந்தது. 2018 அக்டோபரில் அப்போதைய மார்க்க விவகார மந்திரி முஜாஹித் யூசுப் ராவா, அடைத்த கதவுக்குள் நடப்பது அரசாங்கத்தின் வேலையல்ல என்ற கருத்தைச் சொன்னார், ஆட்சேபம் எழுந்தது. சட்டம் அப்படியே இருக்கிறது.

நம் வியாபாரத்தை நேரே தொடுவது அச்சட்டத்தின் 15-வது பிரிவு. ரமளான் பகலில் ஒரு முஸ்லிமுக்கு உடனே உண்ணுவதற்காக உணவோ பானமோ சிகரெட்டோ விற்பவருக்கு 1,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் இரட்டிப்பு. சீனர் கடையில் விற்றால் அவரை ஷரியா நீதிமன்றம் தொடாது. நாசி கண்டார் கடை வைத்திருக்கும் நம்மவரைத் தொடும். பகிரங்கமாக உண்பவனைத் தடுக்கும் பகுதியில் நமக்கு ஆட்சேபம் இல்லை. அது கஸ்ஸாலி இமாம் அவர்கள் சொன்ன வெளிப்பட்ட காரியம். விற்பவன் விஷயத்தில்தான் சிக்கல்.

பாவத்திற்குத் துணை போகாதீர்கள் என்பது மாயிதா சூராவின் கட்டளை. இதை வைத்துத்தான் மதுக் காய்ச்சுபவனுக்குத் திராட்சை விற்கலாமா என்று இமாம்கள் ஆராய்ந்தார்கள். ஷாஃபியீ மத்ஹபில், அதற்காகத்தான் வாங்குகிறான் என்று அறிந்து விற்றால் ஹராம். சந்தேகம் மட்டும் இருந்தால் மக்ரூஹ். ஹனஃபீ மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் திராட்சைச் சாறு விற்பதை அனுமதித்தார்கள், அவர்களின் இரு மாணவர்களும் வெறுத்தார்கள். நம் மரைக்காயர்மாரும் ராவுத்தர்மாரும் இந்த வித்தியாசத்தை வைத்து ஒரு மணி நேரம் பேசலாம். ஆனால் இரு மத்ஹபிலும் கேள்வி, விற்பவனுக்கு என்ன தெரியும் என்பதுதான். தெரிந்து கொள்வதற்காக அவன் துருவ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ரமளானில் பகல் இரண்டு மணிக்கு ஒரு மலாய்ப் பெண் வந்து ஒரு பொட்டலம் சோறு கேட்கிறாள். நோன்பு திறக்க வாங்குகிறாளா, வீட்டிலிருக்கும் நோயாளித் தாய்க்கு வாங்குகிறாளா, கர்ப்பிணியா, பிரயாணியா, மாதாந்திர நாளா? இவை எல்லாவற்றிற்கும் ஷரீஅத்தே சலுகை கொடுத்திருக்கிறது. இவற்றுள் எதையாவது கல்லாப்பெட்டியின் முன்னே வரிசை நிற்கும்போது ஓர் அந்நிய ஆண் கேட்கலாமா? நாம் கேட்பதில்லை. பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறோம். கடைக்குள் முஸ்லிம்களுக்கு இலை போடுவதில்லை. மஃரிபுக்கு முன் தண்ணீர்ப் பானங்களைக் கட்டிக் கொடுப்பதோடு சரி. ஒரு முறை சோதனைக்கு வந்த ஓர் அதிகாரி, "முகத்தைப் பார்த்தாலே தெரியாதா?" என்று நம்மைக் கடிந்தார். முகத்தைப் பார்த்து நோன்பு தெரிந்து கொள்ளும் கல்வியை நமக்கு எந்த உஸ்தாதும் ஓதிக்கொடுக்கவில்லை என்று பணிவாகச் சொன்னோம். அவர் ஆட்சேபிக்கவில்லை, அபராதமும் எழுதவில்லை. எல்லா அதிகாரிகளும் அப்படி இருப்பார்களென்று நாம் உறுதி கூற முடியாது. ஆதலால் சந்தேகமுள்ளவர்கள் தங்கள் மாநிலச் சட்டம் தெரிந்த வக்கீலைக் கேட்டுக் கொள்வது நல்லது. மாநிலத்திற்கு மாநிலம் வாசகம் மாறும்.

மாடி அறைகளை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் இதே பாடம்தான். குடியிருப்பவன் யாரை அழைத்து வருகிறான் என்று ஏணியடியில் ஆளை நிறுத்திக் கணக்கெடுப்பதும், தகவல் கொடுக்கிறேன் என்று பயமுறுத்தி வாடகையை உயர்த்துவதும் நம்மவர்களில் நடந்ததாகக் காதில் விழுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் முஆவியா (ரலி) அவர்களுக்குச் சொன்ன ஒரு புத்திமதி அபூதாவூதில் இருக்கிறது. ஜனங்களின் மறைவான குறைகளைத் தேடிக்கொண்டு போனால் நீரே அவர்களைக் கெடுத்து விடுவீர் என்பது அதன் கருத்து. அது ஆளப் போகும் ஒருவருக்குச் சொன்னது. வாடகைக்காரனைத் துருவும் வீட்டுக்காரனுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

கடைசியாக ஒன்று. 2024 பிப்ரவரி 9-ல் நம் கூட்டரசு நீதிமன்றம், கிளந்தான் மாநிலத்தின் 2019-ம் வருடத்து ஷரியா குற்றச் சட்டத்தில் வழக்குக்கு வந்த 18 பிரிவுகளில் 16 செல்லாது என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. மார்க்கமே போய்விட்டதென்று சிலர் கலங்கினார்கள். தீர்ப்பு அந்தக் காரியங்களை ஆகுமாக்கவில்லை. அவை கூட்டரசுப் பாராளுமன்றத்தின் அதிகாரத்தில் உள்ளவை, மாநிலம் அதில் சட்டம் போட முடியாது என்றது. அந்தப் பதினாறில் ஒன்று எடை, அளவைக் குறைத்து விற்பது பற்றியது. முதஃப்பிஃபீன் சூரா யாரைச் சபிக்கிறதோ அவர்களைப் பற்றிய பிரிவு! ஆகவே முஹ்தஸிபின் மிகப் பழைய வேலை இந்நாட்டில் கூட்டரசுச் சட்டத்தின் கீழேயே இருக்கிறது. 1972-ம் வருடத்து எடை அளவுச் சட்டப்படி நம் தராசுகளைச் சோதித்து முத்திரை போட வேண்டும். அமலாக்க அதிகாரிகள் வந்தால் அதைக் காட்ட வேண்டும். இவ்வருடத்து முத்திரை இன்னும் போடாத அங்கத்தினர்கள், பெருநாள் நெருக்கடிக்கு முன் தராசை எடுத்துப் போய் முடித்துக் கொள்ளுங்கள்.